ஃபால்ஸ்டாடா, எல்டிஸ்பைஸா, புரோட்டியஸா? அனலாக் சர்க்யூட்டுக்கு எதை எடுப்பது

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கமிருந்து எனக்கு வரும் கேள்விகளில் இது அடிக்கடி வரும்: "சார், அனலாக் சர்க்யூட் டிசைன் பண்ணணும். சிமுலேஷனுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?" கேட்பவர் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பாலிடெக்னிக் மாணவராக இருப்பார். இல்லையென்றால், பம்ப்செட் ஸ்டார்ட்டர் பழுதுபார்த்துக் கை தேறி, சொந்தமாக லோ வோல்டேஜ் கட்-ஆஃப் போர்டு செய்து விற்கலாம் என்று நினைக்கும் மெக்கானிக்காக இருப்பார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருவருக்காவது அது பொருந்தாமல் போகும்.

இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் சர்க்யூட் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டர் மதிப்பை மாற்றினால் விளைவு அந்தக் கணமே தெரியும். ஃபால்ஸ்டாட், எவ்ரிசர்க்யூட், டிங்கர்கேட், புரோட்டியஸ் எல்லாம் இந்த வகை. இரண்டாவது வகையில் சர்க்யூட்டை வரைந்து, "இத்தனை விநாடி ஓட்டு" என்று கட்டளை கொடுத்து, முடிந்தபின் கிராஃபைப் பார்க்க வேண்டும். எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் இந்த வகை. 1970களின் தொடக்கத்தில் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய ஸ்பைஸ் நிரலின் வழிவந்தவை இவை.

நேரலையில் ஓடுபவை "இந்த சர்க்யூட் எப்படி நடந்துகொள்கிறது" என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். ஸ்பைஸ் வகை "எவ்வளவு" என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். நம் கையில் இருப்பது எந்தக் கேள்வி என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், ஓடும்போதே மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, கடையில் வாங்கும் ஐசி-யின் குறைகள் திரையிலும் தெரிகின்றனவா. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது, உங்களிடம் என்ன இருக்கிறது: போனா, பழைய லேப்டாப்பா, கல்லூரி லேப் மட்டுமா? இணையம் இல்லாதபோதும் ஓட வேண்டுமா? நான்காவது, பணம். இதில் சாஃப்ட்வேர் விலையோடு கற்றுக்கொள்ள ஆகும் நாட்களையும் தவறான முடிவால் எரியும் பாகங்களையும் சேர்க்க வேண்டும். கும்பகோணத்தில் கிடைக்காத ஐசி ஒன்றுக்காகத் திருச்சிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போக வேண்டியிருந்தால் அந்த பஸ் கட்டணமும் கணக்கில் வரும். கடைசியாக, அந்த வரைபடம் அப்படியே பிசிபி-க்கு, அதாவது பாகங்களைச் சால்டர் செய்யும் அச்சுப் பலகைக்குப் போகுமா என்பது.

## ஒரே சர்க்யூட்டை எல்லாவற்றிலும் ஓட்டுவோம்

பொதுப்படையாகப் பேசினால் எல்லாக் கருவியும் நல்லதாகவே தெரியும். அதனால் டெல்டாவில் நிஜமாகவே தேவைப்படும் சர்க்யூட் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தள்ளிப்போகும் ஆண்டுகளில் குறுவைக்கு போர்செட்தான் கதி. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது லைனின் கடைசியில் இருப்பவருக்கு வோல்டேஜ் இறங்கிவிடும். கடைமடையில் தண்ணீருக்கு இருக்கும் அதே பாடு மின்சாரத்துக்கும் உண்டு. வோல்டேஜ் குறைந்தாலும் அதே சுமையை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் எடுக்கும், காயில் சூடேறும். அதனால் 180 வோல்ட்டுக்குக் கீழே மோட்டாரை நிறுத்தி, 200 வோல்ட் வந்ததும் திரும்பப் போடும் போர்டு ஒன்று வேண்டும். (மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருக்கும் வோல்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள்.) சின்ன டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர், ஒப்பீட்டுக்கு 5.1 வோல்ட் ஜெனர், இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் கம்பேரேட்டராக எல்எம்358 ஆப்-ஆம்ப் ஐசி, ரிலேயை இயக்க பிசி547 டிரான்சிஸ்டர், ரிலே. அவ்வளவுதான்.

இதில் 180-க்கும் 200-க்கும் நடுவே விடும் இடைவெளியைத்தான் ஹிஸ்டெரிசிஸ் என்கிறோம். அது எதற்கு? மோட்டார் நின்றதும் லைனில் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும். உடனே ரிலே மறுபடி போடும். மோட்டார் ஓடியதும் வோல்டேஜ் மறுபடி இறங்கும். மோட்டாரால் இறங்கும் வோல்டேஜ் அந்த இடைவெளியைவிட அதிகமாக இருந்தால் ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், கான்டாக்ட் கருகிவிடும். சரி, இனிக் கருவிகளுக்கு வருவோம்.

## ஃபால்ஸ்டாட்

பால் ஃபால்ஸ்டாட் ஜாவாவில் எழுதியதை இயன் ஷார்ப் ஜாவா இல்லாமலே பிரவுசரில் ஓடும்படி மாற்றினார். இலவசம், திறந்த மூலம், பதிவு செய்யவும் வேண்டாம். கம்பியில் கரண்ட் மஞ்சள் புள்ளிகளாக நகரும். பாசிட்டிவ் வோல்டேஜ் பச்சையாகவும் நெகட்டிவ் சிவப்பாகவும் தெரியும்.

நம் சர்க்யூட்டுக்கு இது பொன்னான இடம். சப்ளைக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டு அதை லைனாக வைத்துக்கொள்ளுங்கள். ரிலே போடும்போது சேரும் இன்னொரு ரெசிஸ்டர் மோட்டார். மெயின்ஸ் வோல்டேஜுக்கு ஸ்லைடர் வைத்து மெல்ல இறக்குங்கள். அந்த இடைவெளியை உண்டாக்கும் ஹிஸ்டெரிசிஸ் ரெசிஸ்டரை நீக்கினால் ரிலே துடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், திரும்பச் சேர்த்தால் அடங்கும். மோட்டார் ரெசிஸ்டரைக் குறைத்து, அதாவது பெரிய மோட்டாராக்கிப் பார்த்தால் மறுபடி துடிக்கும். இதைச் சமன்பாடாகக் கரும்பலகையில் எழுதி ஒரு மணி நேரம் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாக மனதில் ஏறாது. இந்த ஒரு காரணத்துக்காகவே எல்லோரும் முதலில் இங்கே தொடங்க வேண்டும் என்பேன்.

ஆனால் இதன் எண்களை அப்படியே நம்பக் கூடாது. ஃபால்ஸ்டாடின் சாதாரண ஆப்-ஆம்ப் வெளியீடு, நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால், பிளஸ் 15-இலிருந்து மைனஸ் 15 வோல்ட் வரை போகும். நம்முடையது 12 வோல்ட் ஒற்றைச் சப்ளை. ஹிஸ்டெரிசிஸ் இடைவெளி வெளியீடு ஏறி இறங்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 0 முதல் 12 வரை என்று கணக்குப் போட்டு 20 வோல்ட் இடைவெளி வைத்தால், 30 வோல்ட் ஏறி இறங்கும் இந்த ஆப்-ஆம்ப் அதை 50 வோல்ட்டாகக் காட்டும். அதன் எடிட் பெட்டியில் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். புதிய பதிப்பில் 741, 324 ஐசி-களின் உள் அமைப்பை ஒட்டிய ஆப்-ஆம்பும் இருக்கிறது. நம் 358-இல் இரண்டு ஆப்-ஆம்ப், 324-இல் அதே போன்றவை நான்கு, ஆகவே அதை எடுப்பது நல்லது.

இன்னொரு மறைமுகச் செலவு நேரப்படி (டைம் ஸ்டெப்), அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. ஃபால்ஸ்டாட் வழக்கமாக 5 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை கணக்கிடும். இதனால் இரண்டு பக்கமும் இடிக்கும். மோட்டார் நின்று 3 நிமிடம் கழித்துத்தான் திரும்ப ஓட வேண்டும் என்று டிலே வைத்தால், அந்த 3 நிமிடத்துக்கு 3.6 கோடி கணக்கீடு. பார்த்துக்கொண்டே உட்கார வேண்டியதுதான். கெப்பாசிட்டரை 470 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 0.47 ஆக்கி ஓட்டிவிட்டு, கிடைத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளலாம். மெயின்ஸ் பகுதியைத் தனியே பிரித்து, டிலே பகுதியை மட்டும் இப்படி ஓட்டுங்கள்.

வேகமான சிக்னலில் சிக்கல் வேறு மாதிரி. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு நெல்லை அளக்கிறார்களே, அதுபோன்ற கெப்பாசிட்டிவ் மீட்டர் செய்ய மாணவர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். நெல் வைக்கும் கலத்தின் கெப்பாசிட்டன்ஸ் 50 பிக்கோஃபாரட் என்று வைத்து, இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டரோடு 555 டைமர் ஐசி-யில் ஆசிலேட்டர் போட்டால் சுமார் 96 கிலோஹெர்ட்ஸ் வரும். ஒரு சுற்றுக்கு 10 மைக்ரோவிநாடி சொச்சம். 5 மைக்ரோவிநாடிப் படியில் ஒரு சுற்றுக்கு இரண்டே புள்ளி கிடைக்கும், திரையில் வரும் அதிர்வெண் பொய்யாக இருக்கும். படியை 50 நானோவிநாடிக்குக் குறைத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போதும், கைவிரல் பக்கத்தில் வந்தாலே சில பிக்கோஃபாரட் கூடிவிடும் என்பதை எந்த சிமுலேட்டரும் தானாகச் சொல்லாது. அதற்கு நீங்களே ஒரு சின்ன கெப்பாசிட்டரைச் சேர்க்க வேண்டும்.

## எவ்ரிசர்க்யூட்

கையில் போன் மட்டும்தான் என்றால் இது. ஃபால்ஸ்டாட் போலவே ஓடிக்கொண்டே இருக்கும். மதிப்பைச் சுழற்றி மாற்றும் குமிழ் விரலுக்கு வசதியாக இருக்கும். வயல் ஓரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி முன் நின்றபடி ஒரு வோல்டேஜ் டிவைடர் (இரண்டு ரெசிஸ்டரால் வோல்டேஜைப் பிரிப்பது) கணக்கைச் சரிபார்க்க இதைவிட எளிது எதுவும் இல்லை.

முழுதாகப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும். பாகங்கள் பெரும்பாலும் பொதுவானவை, குறிப்பிட்ட ஐசி எப்படி நடந்துகொள்ளும் என்று விவரிக்கும் மாடல் கோப்பை ஏற்ற முடியாது. பெரிய சர்க்யூட்டைச் சின்னத் திரையில் வரைவது கண்ணுக்கு வேலை. லேப்டாப் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை, ஃபால்ஸ்டாட் போதும்.

டிங்கர்கேடை இதோடு சேர்த்து இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிரெட்போர்டில் எந்தத் துளையில் எந்தக் கால் என்று பழகப் பள்ளி மாணவருக்கும் முதலாண்டு மாணவருக்கும் மிக நல்லது, எல்இடி-க்கு அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் வெடித்ததாகக் காட்டவும் செய்யும். ஆனால் அனலாக் டிசைனுக்கு அதன் பாகப்பட்டியல் போதாது.

## எல்டிஸ்பைஸ்

லீனியர் டெக்னாலஜியில் மைக் எங்கல்ஹார்ட் எழுதியது. 2017-இல் அந்த நிறுவனத்தை அனலாக் டிவைசஸ் வாங்கியபின் அவர்களே வெளியிடுகிறார்கள். இலவசம், சர்க்யூட் அளவுக்கு வரம்பு இல்லை, இணையம் தேவையில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். லினக்ஸில் வைன் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம்.

நம் போர்டை இதில் ஓட்டும்போதுதான் உண்மையான எண் வெளிவருகிறது. 12 வோல்ட் சப்ளையில் எல்எம்358-இன் வெளியீடு 12 வரை ஏறாது, ஏறத்தாழ 10.5-இல் நின்றுவிடும். ஆகவே 20 வோல்ட் என்று நினைத்த இடைவெளி 17.5 வோல்ட்தான். மோட்டார் ஓடும்போது லைனில் 18 வோல்ட் இறங்கும் இடம் என்று வையுங்கள். கணக்கிலும் எளிய மாடலிலும் அமைதியாக இருந்த ரிலே, வயலில் கடகடவென்று அடிக்கும். விவசாயிக்கு விற்கப்போகும் போர்டில் இந்த இரண்டரை வோல்ட்டை விட்டுவிட முடியாது.

ஓடும்போது குமிழைத் திருப்ப முடியாது என்பது குறைதான். அதற்கு ஈடாக ஸ்டெப் கட்டளை இருக்கிறது. ஹிஸ்டெரிசிஸ் ரெசிஸ்டருக்குப் பத்து மதிப்பு கொடுத்தால் பத்து கிராஃபையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும். 5 சதவீதப் பிழையுள்ள ரெசிஸ்டர்களை வைத்து நூறு போர்டு செய்தால் கட்-ஆஃப் எங்கிருந்து எங்கு வரை சிதறும் என்பதையும் பார்க்கலாம். நேரலைக் கருவிகளில் இதைக் கையால் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பாகத்தின் மேல் சொடுக்கினால் அது எத்தனை வாட் சூடாகிறது என்ற கிராஃபும் வரும். ஜெனருக்குத் தொடராக இருக்கும் ரெசிஸ்டரை கால் வாட் போடுவதா, அரை வாட் போடுவதா என்று இப்படித்தான் முடிவுசெய்ய வேண்டும். நேரப்படி தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவதால் 3 நிமிட டிலேயையும் சுலபமாக ஓட்டும்.

மறைமுகச் செலவு, பழகும் காலம். எல்எம்358 போன்ற பிற நிறுவன ஐசி-களுக்கு மாடல் கோப்பைத் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும். கோப்பில் உள்ள கால் வரிசை படத்தோடு பொருந்தாவிட்டால் பொருளற்ற விடை வரும். "டைம் ஸ்டெப் டூ ஸ்மால்" என்று நின்றுவிடும்போது புதியவர் திகைத்துப் போவார். நிஜத்தில் இரைச்சலால் தானே தொடங்கும் சைன் அலை ஆசிலேட்டர், இதில் அசையாமல் கிடக்கும். தொடக்க வோல்டேஜ் கொடுத்துத் தட்டி எழுப்ப வேண்டும். இதெல்லாம் கை வரச் சில வாரங்கள் ஆகும், சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தைய வாரம் தொடங்குவது வீண்.

## புரோட்டியஸ்

தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் நிறையப் புழங்குவது. பொட்டென்ஷியோமீட்டரை ஓடும்போதே திருப்பலாம், சுவிட்சை அழுத்தலாம். அடியில் அனலாக் கணக்கைப் போடுவது பெர்க்லி ஸ்பைஸ் என்பதால் பாக மாடல்களும் ஓரளவு நம்பகமானவை. இதன் உண்மையான பலம் வேறு. 8051, பிஐசி, ஆர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு நீங்கள் எழுதிய நிரலையும் அனலாக் பகுதியையும் சேர்த்து ஓட்டும். கட்-ஆஃப் போர்டில் ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல் சேர்த்து "மோட்டார் நின்றுவிட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்றால், மற்ற கருவிகள் பாதியில் நின்றுவிடும்.

ஆனால் 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ், ரெக்டிஃபையர், ரிலே எல்லாம் சேர்ந்தால் "சிபியு சுமையால் சிமுலேஷன் நிகழ்நேரத்தில் ஓடவில்லை" என்ற எச்சரிக்கை கீழே வந்துவிடும். விடை தவறு என்று அதற்குப் பொருள் இல்லை. திரையில் உள்ள ஒரு விநாடி நம் கடிகாரத்தின் ஒரு விநாடி இல்லை என்றுதான் பொருள். டிலேயைக் கைக்கடிகாரம் பார்த்து அளந்தால் ஏமாறுவீர்கள்.

விலை தனி மனிதருக்குக் கட்டுப்படியாகாது. கிராக் செய்த பிரதி பென்டிரைவில் கைமாறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை வேண்டாம் என்றே சொல்வேன். வைரஸோடு வரும், நடுவில் நின்றுவிடும், விற்பனைக்குச் செய்யும் போர்டுக்குச் சட்டப்படியும் கூடாது. கல்லூரியில் உரிமம் இருந்தால் படிக்கும் காலத்திலேயே முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

## கீகேட், கூடவே என்ஜிஸ்பைஸ்

கீகேட் சர்க்யூட்டும் பிசிபி-யும் வரையும் மென்பொருள், அதற்குள் சிமுலேஷனை ஓட்டுவது என்ஜிஸ்பைஸ். இரண்டும் இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். கீகேடின் சிமுலேட்டரில் டியூன் என்ற வசதி இருக்கிறது. ரெசிஸ்டரைத் தேர்ந்து ஸ்லைடரை நகர்த்தினால் மறுபடி ஓட்டிப் புதிய கிராஃபைக் காட்டும். நேரலை அளவுக்கு உயிர்ப்பாக இருக்காது, ஆனால் அதற்கு அடுத்த படி. வரைந்த அதே படம் பிசிபி-க்குப் போகும் என்பதால், போர்டு செய்து விற்கப்போகிறவருக்கு மறுபடி வரையும் வேலையும் அதில் புகும் பிழையும் மிச்சம். மும்பை ஐஐடி-யின் ஃபாஸி குழு வெளியிடும் இ-சிம் இந்த இரண்டின் மேல் கட்டியதுதான். சிமுலேஷன் அனுபவத்தில் இது எல்டிஸ்பைஸை விடக் கரடுமுரடு, மாடல் சேர்க்கும் தொல்லையும் அதே அளவு உண்டு.

## ஒரே பார்வையில்

| | ஓடும்போதே மாற்றலாமா | நிஜ ஐசி மாடல் | இணையமின்றி | பணம் | எங்கே கைவிடும் |
|---|---|---|---|---|---|
| ஃபால்ஸ்டாட் | ஆம் | மிகச் சில | ஆஃப்லைன் பதிப்பில் ஓடும் | இலவசம் | துல்லிய எண், நீண்ட டிலே |
| எவ்ரிசர்க்யூட் | ஆம் | இல்லை | சாதனத்தைப் பொறுத்தது | முழுப் பயனுக்குக் கட்டணம் | பெரிய சர்க்யூட் |
| எல்டிஸ்பைஸ் | இல்லை, ஸ்டெப் உண்டு | ஆம் | ஓடும் | இலவசம் | மைக்ரோகன்ட்ரோலர் நிரல் |
| புரோட்டியஸ் | ஆம் | ஆம் | ஓடும் | அதிகம் | பட்ஜெட், மெயின்ஸோடு வேகம் |
| கீகேட் | டியூன் வழியாக | ஆம் | ஓடும் | இலவசம் | முதல் முறை கற்பவர் |

## எந்தக் கருவியும் காட்டாதவை

ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு போட மறந்தால் பிசி547-இன் கலெக்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும். அதன் தாங்குதிறன் 45 வோல்ட். ஃபால்ஸ்டாடில் டிரான்சிஸ்டர் ஒன்றும் ஆகாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். எல்டிஸ்பைஸிலும் அப்படித்தான், வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில் உடையும் வோல்டேஜ் இருப்பதில்லை. திரையில் புகை வராததால் சர்க்யூட் சரி என்று முடிவுகட்டாதீர்கள். உச்ச வோல்டேஜை அளந்து டேட்டாஷீட்டோடு ஒப்பிடும் வேலை நம்முடையது.

3 நிமிடத்தை ஒட்டிய டிலேக்கு 470 மைக்ரோஃபாரடும் 330 கிலோஓமும் போட்டால் பெருக்கல் கணக்கில் 155 விநாடி, சிமுலேஷனில் அழகான வளைகோடு. ஆனால் அந்த ரெசிஸ்டர் வழியே 12 வோல்ட்டில் வருவது தொடக்கத்திலேயே 36 மைக்ரோஆம்பியர்தான். 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றின் டேட்டாஷீட் அனுமதிக்கும் கசிவு 75 மைக்ரோஆம்பியர் வரை இருக்கலாம். கசிவு அதிகமான கெப்பாசிட்டர் கையில் மாட்டினால் வோல்டேஜ் எல்லையைத் தொடாமலே நின்றுவிடும், மோட்டார் திரும்ப ஓடவே ஓடாது. கெப்பாசிட்டருக்கு இணையாக 200 கிலோஓம் போட்டு எந்தக் கருவியில் ஓட்டினாலும் இது தெரியும். நீங்கள் போட வேண்டும் என்பதுதான் விஷயம். ரெசிஸ்டரைக் குறைப்பது, கவுண்ட்டர் ஐசி வைப்பது என்று தீர்வுகள் இருக்கின்றன.

மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு எடுக்கும். அந்தச் சில விநாடி வோல்டேஜ் 180-க்குக் கீழே போவது இயல்பு. கட்-ஆஃபுக்கும் சில விநாடி டிலே வைக்காவிட்டால் மோட்டார் ஒருநாளும் கிளம்பாது. மோட்டாரை வெறும் ரெசிஸ்டராக வரைந்தால் இது எதிலும் தெரியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். திரையில் 230 வோல்ட் தொட்டால் ஒன்றும் ஆகாது. பெஞ்சில் முதல் சோதனையைத் தனிப்படுத்திய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, ஃபியூஸோடு, பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

## யார் எதை எடுக்கலாம்

முதல் இரண்டு ஆண்டு மாணவருக்கு ஃபால்ஸ்டாட் மட்டும் போதும். போன் மட்டும் இருப்பவர் ஃபால்ஸ்டாடையே போன் பிரவுசரில் முயன்று பார்த்து, வரைவது சிரமமாக இருந்தால் மட்டும் எவ்ரிசர்க்யூட்டுக்குப் பணம் கட்டலாம். புராஜெக்ட்டில் மைக்ரோகன்ட்ரோலர் இருந்து, கல்லூரியில் உரிமமும் இருந்தால் புரோட்டியஸ். அனலாக்கே வேலையாகப் போகிறது, நேர்காணலுக்குத் தயாராகிறேன் என்பவர் எல்டிஸ்பைஸைத் தள்ளிப்போடக் கூடாது.

போர்டு செய்து விற்க நினைக்கும் மெக்கானிக்குக்கு என் பதில் இரண்டு படி. ரிலே ஏன் துடிக்கிறது, இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று ஃபால்ஸ்டாடில் குமிழைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே சர்க்யூட்டைக் கீகேடில் வரைந்து, எல்எம்358 மாடலோடு 160 வோல்ட்டிலிருந்து 260 வோல்ட் வரை ஓட்டிப் பாருங்கள். அங்கே வரும் கட்-ஆஃப் எண்ணும் பெஞ்சில் மல்டிமீட்டர் காட்டும் எண்ணும் ஓரிரு வோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் அந்தப் படத்தையே பிசிபி-க்கு அனுப்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் ஜெனரின் உண்மையான வோல்டேஜை அளங்கள். 5.1 என்று அச்சிட்டிருப்பது 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அதுவே மெயின்ஸ் கணக்கில் 8, 9 வோல்ட் வித்தியாசம் கொடுத்துவிடும்.